பெயர் சொல்லித் தாண்டும் வாசல்

1

கதவைத் திறக்க மனிதனுக்குக் கை போதும், வாய் தேவையில்லை. மனித இனம் குகையை விட்டு வெளியேறிய நாள் முதல் இதைவிடப் பெரிய உண்மை கண்டுபிடிக்கப்படவில்லை.

இதை எழுதியவன் வெத்ரான். ஒசியெக் நகரில் எங்கள் கல்லூரி மாணவர்கள் நடத்தும் ‘வெள்ளரி’ என்ற நையாண்டி இதழில், முதல் பக்கத்தில், கறுப்புக் கட்டம் கட்டி வெளியானது. மற்றக் கட்டுரைகளை எல்லாம் அவன் கேலியாகத்தான் எழுதினான். இதை மட்டும் முழு நம்பிக்கையோடு எழுதினான். வெளியான அன்றே வெட்டிக் கொண்டுவந்து, நாங்கள் இருவரும் வாடகைக்கு இருக்கும் வீட்டுக் கதவின் உட்புறத்தில் ஒட்டினான்.

இந்தக் கதை அந்தக் கட்டுரையிலிருந்து பிறந்தது என்று சொல்லலாம். சொன்னால் பொய். முதல் பத்திகளிலேயே பொய் வேண்டாம், பின்னால் தேவைப்படும். இது பிறந்தது ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வெயில் இன்னும் ஜன்னலை விட்டு இறங்காத மாலையில், அதே கதவுக்கு வெளியே ஒரு பெயர் கேட்டபோது. கதவுக்கு இந்தப் பக்கம் நடந்ததற்கு மட்டுமே நான் சாட்சி. மற்றதெல்லாம் வெத்ரான் சொன்னது; அவன் சொல்லாமல் விழுங்கியதை நான் இட்டு நிரப்பியது. ‘நீயே எழுதேன்’ என்றேன். ‘நான் நையாண்டி எழுதறவன்டா’ என்றான். இது கேலி இல்லை என்பது அந்தப் பதிலில்தான் எனக்கு முதலில் உறைத்தது.

2

அவன் கேலி செய்தது யாரை என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் பிறப்பதற்கு முன்பே தொலைக்காட்சியில் வந்து, பாதியில் நின்றுபோன தொடர் ஒன்று உண்டு: ‘நெடுந்துயில்’. விண்கலம், உறங்கும் மாலுமிகள், அவர்களுக்கிடையே எப்படியோ ஏறிவிட்ட ஒன்று. அதை விருந்தாளி என்பார்கள். அது யார் முகத்தையும் எடுத்துக்கொள்ளும், யார் குரலிலும் பேசும். ஆனால் அதற்கென்று சொந்தப் பெயர் கிடையாது. ‘உள்ளே யார்?’ என்று கேட்டால், கேட்டவனின் பெயரையே திருப்பிச் சொல்லும். அதனால் கலத்தில் இருப்பவர்கள் எந்த வாசலைத் தாண்டினாலும் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தாண்டுவார்கள்.

தொடர் நின்றது, பழக்கம் நிற்கவில்லை. அதன் ரசிகர்கள் இன்றும் ரொட்டிக் கடைக்குள் நுழையும்போது பெயரைச் சொல்லிவிட்டு நுழைகிறார்கள். பல் மருத்துவரிடம், தேவாலயத்தில், கழிப்பறையில்கூட.*

* கழிப்பறை விஷயம் வெத்ரானின் கட்டுரையில் உள்ளது. நான் நேரில் பார்த்ததில்லை.

இனி அந்த ரசிகர்களில் ஒருத்தியின் திருமணம். மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: ‘கல்யாண வீட்டு முற்றத்தில் ஒரு விண்கலம் நின்றது.’ நின்றது டிராக்டர். அலுமினியத் தாள் சுற்றியிருந்தார்கள்.

இரண்டாவது: ‘மூன்று ஆண்டுகளுக்கு முன் திராவா ஆறு நெவெனைக் கொண்டு…’ கொண்டுபோனதா என்பதே யாருக்கும் தெரியாது. படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. தெரியாததை வினைமுற்று போட்டு முடிக்க எனக்கு என்ன உரிமை? அடித்துவிட்டேன்.

மூன்றாவது, ஒரு தொலைபேசி அழைப்பு. இதை வைத்துக்கொள்கிறேன்.

“எங்களக் கிண்டல் பண்ணி எழுதினது நீங்கதானா?” ஒரு பெண் குரல்.

“ஆமா. மன்னிப்பெல்லாம் கேக்கறதா இல்ல.”

“யாரு கேட்டா? என் பேரு திஹானா. எனக்குக் கல்யாணம். எல்லாமே நெடுந்துயில் மாதிரி. ஒரு வேலை இருக்கு, வரீங்களா?”

“என்ன வேலை?”

“பொய் மணப்பெண்.”

எங்கள் ஸ்லாவோனியா வட்டாரத்தில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து வாசலில் நின்று பெண்ணைக் கேட்பார்கள். பெண் வீட்டார் உடனே கொடுத்துவிடுவார்களா? முதலில் ஒரு போலியை அனுப்புவார்கள். மீசையை மழிக்காமல் உதட்டுச்சாயம் பூசிய யாராவது ஓர் ஆண். ‘இதுவா பொண்ணு? இதைத் தொழுவத்துல கட்டு!’ என்று ஊரே சிரித்து விரட்டும். பிறகுதான் உண்மையான பெண். வழக்கமாகப் போலியாக வருபவன் பெண்ணின் உடன்பிறந்தவன். சிரிப்பு ஓய்ந்ததும் அவனே வேடத்தோடு அக்காவின் கையைப் பிடித்து வாசலைத் தாண்டி அழைத்துப் போய் மாப்பிள்ளையிடம் கொடுப்பான்.

திஹானாவின் தம்பி நெவென்.

“எங்கம்மா மூணு வருஷமா முன்கதவப் பூட்டினதே இல்ல,” என்றாள் திஹானா. “அவன் பேர யாரும் வீட்டுல சொல்லக் கூடாது. அவன் வராம நான் முன்வாசல் தாண்டக் கூடாதாம். பின்வாசல் வழியாப் போயிக்கோங்கறாங்க. செத்த வீட்டுலயிருந்து போற மாதிரி. பொய்ப்பொண்ணு மட்டும் முன்வாசல்ல வரலாமாம், அது விளையாட்டுங்கறதால. சிரிப்பு ஆரம்பிச்சுட்டா அம்மாவால நிறுத்த முடியாது. அந்தச் சிரிப்புக்குள்ள நான் தாண்டிடுவேன்.”

“அதுக்கு நான் எதுக்கு? உங்க கூட்டத்துல ஆளா இல்ல?”

“போட்டுக்க வேண்டியது நெவென் செஞ்ச உடுப்பு. விருந்தாளி வேஷம். எங்க ஆளுங்க போட்டா உள்ளேயே அழுதுடுவாங்க. நம்பாத ஒருத்தன் வேணும்.”

வெத்ரானுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

3

[இந்தப் பகுதி சமையலறையில் நடக்கிறது. நீளமாக எழுதிச் சுருக்கினேன். இதில் ஒரே ஒரு பொருள்தான் முக்கியம்: ஒரு துண்டு கூலென். எங்கள் பக்கத்துக் காரப் பன்றித் தொத்திறைச்சி. அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.]

முற்றத்தின் ஓரத்தில் கோடைக்காலச் சமையலறை. அங்கேதான் வெத்ரானுக்கு உடுப்பு மாட்டினார்கள். வெள்ளி பூசிய மழையங்கி, முழங்கை வரை கையுறை, பழைய மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை அறுத்து ஒட்டிச் செய்த பெரிய உருண்டைத் தலை. அதன் முன்பக்கம் கறுப்புக் கண்ணாடி. உச்சியில் மணப்பெண்ணின் முக்காடு. கையுறை பெரிது, வெத்ரானின் விரல்கள் அதன் நுனிவரை எட்டவில்லை.

“பையன் நல்ல உயரமோ?” என்றான்.

சமையலுக்குப் பொறுப்பானவள் எவிட்சா அத்தை. அந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. அவள் வேறொன்று கேட்டாள்.

“சாப்ட்டியா?”

“ஆச்சு அத்தை.”

“பொய். கன்னமெல்லாம் ஒட்டிக் கெடக்கு. ஒசியெக்ல உங்களுக்கு யாரு சோறு போடறா? வாயத் தொற.”

“தலைய மாட்டப் போறேன் அத்தை, இப்பப் போயி…”

“தொறன்னா தொற!”

திறந்தான். கட்டை விரல் பருமனுக்கு நறுக்கிய கூலென் உள்ளே போனது. போன அதே கணத்தில் யாரோ தலைக்கவசத்தை மேலிருந்து அழுத்தி மாட்டினார்கள். “வந்துட்டாங்க, வந்துட்டாங்க!” வெத்ரானைப் பின்வழியாக வீட்டுக்குள் தள்ளி, முன்கதவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். கதவு மூடியிருந்தது, பூட்டவில்லை. கூலென் மென்றும் மெல்லாமலும் வாயில் இருந்தது. துப்ப வழியில்லை: எதிரே நெவென் ஒட்டிய கண்ணாடி.

4

வெளியே, தம்புரா என்கிற எங்கள் ஊர்க் கம்பி வாத்தியம் வாசிப்பவர்கள், முகத்தில் வெள்ளி பூசிக்கொண்டு. அலுமினிய டிராக்டர். தளபதி உடுப்பில் மாப்பிள்ளை டாமிர். அவனுடைய தோழன் ஜூகா கையில் புட்டியோடு கத்தினான்:

“கதவத் திற! எரிபொருள் தீந்துபோச்சு, பொண்ண ஏத்திக்கிட்டுக் கெளம்பணும்!”

உள்ளேயிருந்து பெண்கள்: “பொண்ணா? இங்க பொண்ணே இல்லியே. ஒரு பசுமாடு இருக்கு, வேணுமா?”

“எத்தன லிட்டர் கறக்கும்?”

“உன்னக் கட்டினா வத்திடும்!”

முற்றம் அதிர்ந்தது. வெத்ரான் தலைக்கவசத்துக்குள் அவசர அவசரமாக மென்றான். அவன் சொல்ல வேண்டியது ஒரே சொல். டாமிர் ‘உள்ளே யார்?’ என்று தொடரில் கேட்பதுபோலக் கேட்பான். விருந்தாளி கேட்டவனின் பெயரையே சொல்லும் அல்லவா, அதனால் வெத்ரான் ‘டாமிர்’ என்பான். சிரிப்பு வெடிக்கும். கதவு திறக்கும். பின்னால், கூடத்து இருட்டில், வெள்ளை உடையில், செருப்பைக் கையில் பிடித்தபடி திஹானா தயாராக நின்றாள். சிரிப்புக்குள் தாண்டிவிட வேண்டும்.

வாத்தியம் நின்றது. டாமிர் கேட்டான்.

“உள்ளே யார்?”

வெத்ரான் விழுங்கப் பார்த்தான். கூலென் தோல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ‘ஒரு கணம் பொறு’ என்று சைகை காட்ட அவன் கையை உயர்த்தப் போனான்.

“நெவென்.”

கதவுக்கு உள்ளேயிருந்துதான், சத்தமாக இல்லை. பயமுறுத்தும் குரலும் இல்லை. இரண்டு கையிலும் சாமானோடு கதவை முதுகால் தள்ளிக்கொண்டு போகிறவன், எதிரே வருபவன் மோதிவிடக் கூடாதே என்று சொல்வதுபோல, சாதாரணமாக, கொஞ்சம் அவசரமாக.

ஒரு தம்புராவின் கம்பி மட்டும் தானாக அதிர்ந்து ஓய்ந்தது. கூடத்தில் செருப்புகள் கீழே விழுந்தன.

“எவன்டா இவனுக்குச் சொல்லிக் குடுத்தது?” வெளியே ஜூகாவின் குரல், கிசுகிசுப்பாக. “டேய், எவன்டா?”

திஹானா வெத்ரானின் பக்கத்தில் வந்தாள். “நீ சொன்னியா?”

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். தலைக்கவசம் பெரிது. உள்ளே தலை ஆடியது; வெளியே கவசம் ஆடவில்லை.

“விருந்தாளின்னா டாமிர் பேரச் சொல்லியிருக்கும்,” என்றாள் திஹானா, அவனிடம் அல்ல. “இது தன் பேரச் சொல்லுது.”

5

இங்கே நிறுத்துகிறேன், ஏனென்றால் இரண்டாம் வரைவிலும் நான் இங்கே நிறுத்தி, உங்களுக்காக ஒரு பாட்டரி வைத்தேன்.

நெவென் தலைக்கவசத்துக்குள் ஒரு சிறிய ஒலிப்பெட்டி பொருத்தியிருந்தான், அதில் தன் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தான், யாரோ அழுத்தி மாட்டியதில் பொத்தான் அமுங்கியது: எல்லாம் பொருந்துகிறது. வாசகர் நிம்மதியாகத் தூங்கலாம். அந்த வரைவை வெத்ரானிடம் காட்டினேன். படித்துவிட்டு, “கழட்டிப் பாத்தோம்டா,” என்றான். “பஞ்சும் பசையும்தான் இருந்துச்சு.” பாட்டரியை எடுத்துவிட்டேன். வேறு கதைக்கு ஆகும்.

வேறொரு சந்தேகம் வெத்ரான் மேலேயே வந்தது. இவன் நடிகன், குறும்பன், ஊரை ஏமாற்றிச் சிரிப்பவன். பெயர் அவனுக்குத் தெரியும்; தொலைபேசியிலேயே திஹானா சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டுச் சொல்லவில்லை என்கிறானோ? நேராகவே கேட்டேன். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். மேலண்ணத்தை நாக்கால் ஒருமுறை தடவினான், அவ்வளவுதான்.

தொடர்கிறேன்.

6

சிரிப்பு வரவேண்டிய இடத்தில் மௌனம் வந்துவிட்டதால் திஹானாவுக்குத் தாண்ட வழியில்லாமல் போனது. அந்த மௌனத்தின் உள்ளே, கூடத்தின் கோடியிலிருந்து, அம்மா லியெர்கா நடந்து வந்தாள். கல்யாணத்துக்கு வாங்கிய நீல உடை. அதன்மேல் சமையல் துண்டு. யாரையும் பார்க்கவில்லை. வெத்ரானின் கறுப்புக் கண்ணாடிக்கு எதிரே வந்து நின்றாள்.

“உள்ள யாரு?”

இந்த முறை வாய் காலியாக இருந்தது. பயத்தில் எப்போதோ விழுங்கியிருந்தான்.

[இந்த இடத்தை ஏழெட்டு விதமாக எழுதிவிட்டேன். ‘லியெர்கா’ என்று சொல்லியிருக்கலாம்; அது வேஷத்துக்கு உரிய பதில். ‘வெத்ரான்’ என்று சொல்லியிருக்கலாம், அது உண்மை. உண்மையைச் சொன்னால் அவள் திரும்பிப் போய்விடுவாள், பெண் பின்வாசல் வழியாகப் போவாள். அவன் என்ன செய்தான் தெரியுமா? காத்திருந்தான். அந்தக் குரல் இன்னொரு முறை வந்து தன்னைக் காப்பாற்றாதா என்று, மூடநம்பிக்கையை ஒழித்தவன், காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான்.]

குரல் வரவில்லை.

“நெவென்,” என்றான் வெத்ரான்.

லியெர்கா கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

“இல்ல. நீ வேற. நீ யாரு பெத்த புள்ளையோ. முன்ன சொன்னவன் எங்க?”

“தெரியலம்மா.” அவன் குரல் கவசத்துக்குள் முட்டித் திரும்பியது. “நான் சொல்லல. சத்தியமா. வாயில கூலென் இருந்துச்சு.”

“எவிட்சா குடுத்தாளா?”

“ஆமாம்மா.”

“அவளுக்கு வேற வேலையே கெடையாது.” துண்டால் கண்ணாடியில் தன் மூச்சுப் பட்ட இடத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே மகளைக் கேட்டாள். “ஏன்டி, உங்க கதையில எப்பப் பேரச் சொல்லுவாங்க? உள்ள வரும்போதா?”

“வாசலத் தாண்டும்போதும்மா. வரும்போதும் சொல்லணும். போகும்போதும்…”

“உள்ளயிருந்துதான கேட்டுச்சு?”

“ஆமாம்மா.”

லியெர்கா கதவைப் பார்த்தாள்.

“வருவான்னு நான் வெளியவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்,” என்றாள்.

முற்றத்தில் ஒரு குழந்தை எதற்கோ சிணுங்கியது, யாரோ அதட்டினார்கள். லியெர்கா குனிந்து செருப்புகளை எடுத்து மகளின் காலில் தானே மாட்டினாள். அவள் கையை எடுத்து வெத்ரானின் பக்கம் நீட்டினாள்.

“புடிச்சுக் கூட்டிட்டுப் போ.”

“நானாம்மா?”

“நீ இல்ல. கையுறையக் குடு.”

கையுறை மாட்டிய கையை நீட்டினான். அவளே கதவைத் திறந்துவிட்டாள். ஆகஸ்ட் வெயில் கண்ணாடியில் அடித்தது. திஹானா வாசற்படியில் ஒரு நொடி நின்று “திஹானா” என்றாள். தாண்டினாள். கூடவே வெத்ரானும் தாண்டினான். எதையும் சொல்லாமல் தாண்டினான், கொள்கை.

பின்னால் கதவு சாத்தப்பட்டது. பிறகு பூட்டுக்குள் சாவி திரும்பியது. மூன்று ஆண்டாகத் திரும்பாத பூட்டு. இரண்டு முறை மக்கர் செய்து மூன்றாம் முறை விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் ஜூகாவுக்கு உயிர் வந்தது. “அடிங்கடா தம்புராவ!” என்று அலறினான். அடித்தார்கள்.

7

பூட்டு விழுந்த இடத்தில் கதை முடிகிறது. ஆசிரியர் என்ற முறையில் எனக்கும் அதுதான் பிடித்த முடிவு. அம்மா பூட்டினாள், பெண் போனாள், சுபம்.

ஆனால் கதவு பூட்டப்பட்டது ஒரு பக்கம்தானே. வெளியே போனவன் எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் அதையெல்லாம் கேட்க நேரமிருக்காது. திஹானா மட்டும் டிராக்டரில் ஏறும் முன் வெத்ரானின் காதோரம், அதாவது கவசத்தோரம், சொன்னாள்:

“நன்றி. ஆனா எதுக்கு அவ்வளவு இறுக்கிப் புடிச்ச? விரலெல்லாம் வலிக்குது.”

அவள் பிடித்திருந்தது கையுறையின் விரல் நுனிகளை. வெத்ரானின் விரல்கள் அங்கே எட்டவில்லை என்று மூன்றாம் பகுதியில் எழுதியிருக்கிறேன். வேண்டுமானால் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

அவன் உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, எவிட்சா அத்தை பொட்டலம் கட்டிக் கொடுத்த பலகாரத்தோடு பேருந்து ஏறினான். ‘ரெண்டு டிக்கெட்டா?’ என்று ஓட்டுநர் கேட்டதாக எழுதினேன். கேட்கவில்லை. மலிவான பேய்க்கதைகளில்தான் கேட்பார்கள். ஓட்டுநர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேருந்து காலியாக இருந்தும் வெத்ரான் ஒசியெக் வரை நின்றுகொண்டே வந்தான்.

8

நான் அறையில் இருந்தேன். மாடிப்படியில் காலடி கேட்டது. அவன் காலடி எனக்குத் தெரியும், ஒரு செருப்பை இழுத்து நடப்பான். கதவுக்கு வெளியே நின்றது. சாவி நுழைந்தது. திரும்பவில்லை.

என் பக்கத்தில், கதவின் மேல், கறுப்புக் கட்டத்துக்குள் இருந்தது அந்தக் கட்டுரை. கதவைத் திறக்க மனிதனுக்குக் கை போதும்.

“வெத்ரான்,” என்று வெளியே கேட்டது. மெல்ல. பக்கத்து வீட்டுக்காரன் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல.

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவனை ஒரு வாரம் ஓட்டலாம், ‘வெள்ளரி’யில் தலையங்கமே எழுதலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். கதவு திறந்தது. உள்ளே வந்தான். வந்தவன் கதவைச் சாத்தவில்லை. சுவரோடு ஒட்டி ஒதுங்கி, கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டான், இரண்டு கையிலும் சாமானோடு வருபவனுக்குப் பிடிப்பதுபோல. வெயில் விழுந்த வெறும் படிக்கட்டைப் பார்த்தபடி நின்றான்.

“என்னடா நிக்கற?” என்றேன்.

“இரு,” என்றான்.

அடுத்து வரும் வரியை நான் எழுதப் போவதில்லை. எனக்குக் கேட்டதா, கேட்கவில்லையா என்பதையும் சொல்லப் போவதில்லை. இடம் விட்டிருக்கிறேன். நிரப்பிக்கொள்ளலாம், வெறுமனே விட்டாலும் குற்றமில்லை. நிரப்புவதாக இருந்தால் ஒன்றே ஒன்று: உங்கள் பெயரை மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள்.

“                    ”

அதன் பிறகு வெத்ரான் கதவைச் சாத்தினான்.